‘இனத்துரோகி’ என்ற சொல்லும் எங்கள் வீதிக் கூட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பவர் டேபிள் என்னும் பனியன் தையல் யூனிட் நடத்தி வருகிறேன். என்னிடம் உள்ள பதினெட்டு மிஷின்களில் பாதிக்கு மேல் இன்று ஓட்டுபவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். சென்ற மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்த ஒன்று என்னை உறங்க விடாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிள்ளையார் கோயில் திடலில் நடந்த அக்கூட்டத்தில், சாக்கடை, தெருவிளக்கு, நல்ல தண்ணீர் விடும் நாள் எல்லாம் பேசி முடித்த பிறகு, வடமாநிலத்தவருக்கு இனி யாரும் லைன் வீடு வாடகைக்கு விடக்கூடாது என்றொரு தீர்மானம் வாசிக்கப்பட்டது. கை தட்டல் அடங்குவதற்குள், தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார். “ஏனுங்க, மிஷின்ல உக்காந்து தைக்கறதுக்கு மட்டும் அவங்க வேணும், படுத்துத் தூங்க எடங் குடுக்க மாட்டமுங்களா?” என்று கேட்டார். அடுத்த வாக்கியத்தை அவர் தொடங்கும்போதே மைக் அணைக்கப்பட்டது. பின்வரிசையிலிருந்து “இனத்துரோகி” என்று ஒரு குரல் வந்தது. அதற்கும் கை தட்டினார்கள். அன்றிரவே அவருடைய படம் அந்தச் சொல்லோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. மூன்றாம் நாள், பள்ளி நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில், ஊர் மக்கள் மனம் புண்படும்படி பேசியதற்கு வருந்துவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார் என்று அறிந்தேன். நான் அந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

எழுதி வாங்கும் இந்தப் பழக்கம் நம் கொங்கு வட்டாரத்துக்குப் புதியதன்று. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் உட்கார வைத்து, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தாளருக்காவது நீதிமன்றப் படி ஏற ஆட்கள் துணை நின்றார்கள். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஓர் இளைஞர், ஊர் முழுவதும் ஒரு பக்கம் நிற்க, அந்தத் தாளை எதிர்த்து எங்கே போவார்? ஊரோடு ஒத்துப் போ என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற சொல், இத்தகைய இடங்களில் எவ்வளவு கொடியதாகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இதே மண்ணில் ‘துரோகம்’ என்ற சொல்லால் யார் யார் அடிக்கப்பட்டார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம். 1908-இல் அரசத்துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில்தான் செக்கிழுத்தார். ஈரோட்டிலிருந்து வெளிவந்த ‘குடி அரசு’ ஏட்டில் 1933-இல் எழுதிய ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரும், பதிப்பாளர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் அதே அரசத்துரோகச் சட்டமான 124-ஏ பிரிவின் கீழ்ச் சிறை சென்றார்கள். 1965 பிப்ரவரியில் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது, பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. திருப்பூரில் இரண்டு காவல் உதவி ஆய்வாளர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கல்லெடுக்காமல், எங்கள் மொழி எங்களுக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டவர்களையும் சேர்த்துத்தான் அன்று நாட்டின் ஒற்றுமைக்குக் கேடு செய்கிறவர்கள் என்றார்கள். நாட்டுப்பற்று என்ற அளவுகோலால் அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், இனப்பற்று என்ற அளவுகோலை இன்னொருவர் மேல் ஓங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர்கள் அனைவரும் ‘இந்திக்காரன்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். என் யூனிட்டில் ஓவர்லாக் ஓட்டும் நால்வர் பேசுவது ஒடியா. மொழியை அடிப்படையாக வைத்து ஒரு மாகாணம் வேண்டும் என்று பல்லாண்டு போராடி, 1936 ஏப்ரல் 1 அன்று அதைப் பெற்றவர்கள் அவர்களின் முன்னோர். மொழிவழி மாநிலம் என்பது நமக்கு வாய்ப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது அது. தையலுக்கு உதவியாகக் கைமடி வேலைக்கு வந்திருக்கும் இரண்டு சகோதரர்கள் தமக்குள் பேசுவது சந்தாலி. பீகாரிலிருந்து வந்த அயர்னிங் மாஸ்டர் தன் தாயிடம் போனில் பேசுவது மைதிலி. சந்தாலியும் மைதிலியும் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெறவே 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போஜ்புரி இன்னும் வெளியே நிற்கிறது. இந்தி என்ற ஒற்றைப் போர்வையால் தம் தாய்மொழி மூடப்பட்ட மக்களை, இந்தித் திணிப்பை எதிர்த்த நாமே ‘இந்திக்காரன்’ என்று அழைப்பது அந்தப் போர்வையை நம் கையால் இழுத்துப் போர்த்துவதாகும். ஒன்றிய அரசு இந்தியைத் திணித்தால் நான் இன்றும் எதிர்ப்பேன். அரசு மருத்துவமனையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தொழிலாளிக்கு அவனுக்குப் புரிகிற மொழியில் நான்கு வரி எழுதி வைப்பது திணிப்பு ஆகாது.

2023 மார்ச் மாதத்தை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அயர்னிங் மாஸ்டர் தோளில் பையோடு வந்து, விரிசல் விட்ட தன் போனைக் கட்டிங் டேபிள் மேல் வைத்து ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ யாரையோ வெட்டுகிறார்கள். பின்னணியில் இந்தியில் ஒரு குரல். “அம்மா அழறாங்க அண்ணா, நாலு தடவை போன் வந்துடுச்சு” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அவர் பார்வை என் முகத்தை விட்டு வாசலுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. ஏழு ஆண்டுகள் எங்களோடு டீ குடித்தவர், அந்த ஒரு இரவில் நானும் அந்த வீடியோவில் இருப்பவர்களில் ஒருவனாக இருக்கக்கூடுமோ என்று எண்ணினார். அவை இங்கே பீகார் தொழிலாளர்கள் மீது நடந்த தாக்குதல்கள் அல்ல என்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசின் குழு ஒன்று திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து நிலைமையைப் பார்த்தது. ஹோலிக்கு ஊர் போனவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள். மாஸ்டரும் வந்தார்.

வதந்தியைப் பரப்பியவர்களைத் தண்டிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் அவர்களில் ஒரு யூடியூபர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாய்ச்சியபோது, விசாரணை இல்லாமல் 12 மாதங்கள் வரை ஒருவரை அடைத்து வைக்க இடம் தரும் சட்டம் பொய்ச் செய்திக்கு மருந்தாகுமா என்று நான் கலங்கினேன். பின்னர் அந்தக் காவல் ஆணையை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. எனக்குப் பிடிக்காதவர் மீது அந்தச் சட்டம் பாய்ந்தபோது கை தட்டினால், நாளை எங்கள் வீதி ஆசிரியர் மீது பாயும்போது கேட்கும் உரிமை எனக்கு இல்லாமல் போகும். அரசை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் வன்முறையைத் தூண்டாத வரை அது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் ஒரு கோடு கிழித்தது. 124-ஏ பிரிவை 2022 மே மாதம் அந்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு, ஏறக்குறைய அதே அதிகாரத்தை ‘ஒற்றுமை, ஒருமைப்பாடு’ என்ற பெயரில் மீண்டும் காவல் நிலையங்களின் கையில் கொடுத்திருக்கிறது. கேதார்நாத் சிங் கோடே எனக்குப் போதும். ‘அவர்கள் வரவால் எங்கள் கூலி குறைகிறது’ என்று ஒருவர் மேடையில் பேசட்டும், அது கருத்து. ‘அடித்து விரட்டுங்கள்’ என்றால் அது கருத்து அன்று.

கூலி குறைகிறது என்ற குறையில் உண்மை இருக்கிறது என்பதை ஒரு முதலாளியாக நான் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிமாநிலத்தவரை நாங்கள் விரும்பி எடுப்பதற்கு ஆள் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. அவர்கள் ஒன்றரை ஷிப்ட் என்றாலும் இரண்டு ஷிப்ட் என்றாலும் மறுக்க மாட்டார்கள், சங்கத்தில் சேர மாட்டார்கள், போனஸ் பேச்சில் குரல் உயர்த்த மாட்டார்கள். ஏஜெண்ட் கமிஷன் பிடித்துக்கொண்டாலும் யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒப்பந்ததாரருக்கு உரிமம் வேண்டும், இடப்பெயர்ச்சிப் படி தர வேண்டும், ஊருக்குப் போய்வரும் செலவு தர வேண்டும் என்றெல்லாம் மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர்களுக்காக 1979-இலேயே சட்டம் எழுதினார்கள். அந்தப் படியை ஒருமுறையேனும் வாங்கிய ஒரு தொழிலாளியை இத்தனை ஆண்டுகளில் நான் சந்தித்ததில்லை, நானும் கொடுத்ததில்லை. உள்ளூர்த் தொழிலாளியின் கூலியை அரிப்பது அவர்களுடைய ஊமைத்தனம்தான். அவர்களைப் பேச விட்டால் உள்ளூர்க்காரர் கூலியும் சேர்ந்து உயரும். வீட்டை விட்டு விரட்டினால், கம்பெனிக்குள்ளேயே தகரக் கொட்டகையில் அடைந்து கிடந்து, முன்னிலும் மலிவாக உழைப்பார்கள்.

தமிழர் என்ற முறையில் நாம் இதைப் பிறரைவிட நன்கு அறிந்திருக்க வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் ஓடி வந்தபோது, சத்தியமங்கலத்தில் என் மாமாவின் தறிக் கொட்டகையில் இரண்டு குடும்பங்கள் ஒரு மாதம் தங்கியிருந்தன. நான் அப்போது பள்ளிச் சிறுவன். அந்த வீட்டுப் பிள்ளை கன்னடம்தான் நன்றாகப் பேசினான். அவனை யாரும் வேறாக நினைக்கவில்லை.

என் யூனிட்டில் செக்கிங் பார்க்கும் பெண்மணி பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்தவர். பதிவு நாள் வந்தால் முதல் நாளே சொல்லிவிட்டு விடுப்பில் போவார். அவருடைய தாத்தா இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1947-இல் வாக்களித்த மலையகத் தமிழர்களின் குடியுரிமை 1948-இலும் வாக்குரிமை 1949-இலும் இலங்கையில் பறிக்கப்பட்டன. அவர்கள் கூலிகள், வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதே காரணம். வாக்குரிமை பறிக்கப்பட்டபோது தமிழ்க் காங்கிரஸ் என்ற தமிழர் கட்சியே அரசில் இடம்பெற்றிருந்தது. அதைப் பொறுக்காமல் அக்கட்சியிலிருந்து வெளியேறிய செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த ஏழாம் ஆண்டில் சிங்களம் மட்டும் சட்டம் வடக்கு, கிழக்குத் தமிழர் வாசலுக்கும் வந்தது. 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம், தனிநாடு கோரி அமைதியாகப் பேசுவதையும் குற்றமாக்கி, அதற்கு எதிராக உறுதிமொழி எடுக்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்களை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றியது. மன்றத்தில் பேச வழியில்லாமல் போன பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் 1963-இன் பதினாறாவது திருத்தமும் பிரிவினைப் பேச்சைத் தடுக்கவே வந்தது. ஆனால் அண்ணாவின் கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டு மேடையில் தொடர்ந்து பேச முடிந்தது, 1967-இல் ஆட்சிக்கும் வர முடிந்தது. இரு நாடுகளின் பாதைகளும் பிரிந்த இடம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

அந்தப் பெண்மணி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே இருக்கிறார். தமிழச்சி, ஆனாலும் குடிமகள் அல்லர். அரசமைப்பின் 19-ஆவது உறுப்பு தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது; 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளை எண்ணி இலங்கையை விட்டுவிட்டது. யூனிட்டில் அரசியல் பேச்சு எழுந்தால் “நமக்கெதுக்குங்ண்ணா அதெல்லாம்” என்று துணியைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒடிசாப் பையன்களிடம் எதைக் கேட்டாலும் “ஒண்ணும் இல்ல அண்ணா” என்பார்கள். இந்த இரு தரப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று: ஒடிசாக்காரருக்கு இந்தியாவின் எப்பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை அதே 19-ஆவது உறுப்பு எழுத்தில் தந்திருக்கிறது. எங்கள் வீதித் தீர்மானம் அதை ஒரு மாலைப்பொழுதில் அழித்துவிட்டது.

சங்கத்தின் அடுத்த கூட்டம் வரும் மாதம் முதல் ஞாயிறு. வாடகைத் தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுக்க வேண்டும், அந்த ஆசிரியரிடம் வாங்கிய தாளைக் கூட்டத்தில் வைத்தே திருப்பித் தர வேண்டும், அவர் பாதியில் நிறுத்திய பேச்சை முடிக்க முதலில் அவருக்கு மைக் தர வேண்டும் என்று செயலாளரிடம் என் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். தீர்மானத்தை ஆதரிப்பவர்களும் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். இக்கடிதத்தின் நகலையும் அத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் வெளியிட்டால், அன்று என்னைப் போல மூன்றாவது வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த சிலராவது அந்த ஞாயிறு என்னோடு எழுந்து நிற்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருப்பூர்.