செப்டம்பர் 23: ஜான் கோல்ட்ரேன் நூற்றாண்டு, சேர்ந்து கேட்போம்

அனைவருக்கும் வணக்கம்.

சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் பிறந்து இந்த செப்டம்பர் 23-உடன் 100 ஆண்டு நிறைகிறது. அன்று (புதன்) இரவு 8.30 மணிக்கு ஜூமில் கூடுவோம். 1957-இல் போதைப் பழக்கத்தை உதறி எழுந்தவர், 1967-இல் 40 வயதிலேயே போய்விட்டார். நடுவே கிடைத்த அந்தப் பத்து வருடத்தில் அவர் வாசித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புத்தான்.

1. கேட்கப்போவது அவருடைய 'எ லவ் சுப்ரீம்' ஜாஸ் ஆல்பம். 1964 டிசம்பர் 9 அன்று நியூஜெர்சியில் நால்வர் குழுவுடன் பதிவு செய்தது. சுமார் 33 நிமிடம்.

2. முன்னதாக ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள். முதல் பகுதியில் ஜிம்மி கேரிசனின் பாஸில் (தாழ்ந்த சுரங்கள் தரும் பெரிய தந்தி வாத்தியம்) வரும் நான்கு சுரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கோல்ட்ரேன் அதையே 12 சுருதிகளிலும் மாற்றி மாற்றி வாசிப்பார்.

3. கடைசிப் பகுதியில் தாம் எழுதிய பிரார்த்தனைக் கவிதையைச் சொல் சொல்லாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். கவிதை ஆல்பம் அட்டையின் உள்ளேயே இருக்கிறது. வைத்திருப்பவர்கள் எடுத்து வையுங்கள்.

4. ஹெட்போன் அவசியம். போன் ஸ்பீக்கரில் பாஸ் கேட்காது.

5. இசை ஓடும்போது எல்லோரும் மைக்கை அணைத்துவிடவும். பேச்சு அதற்குப் பிறகு.

வருபவர்கள் 20-ஆம் தேதி ஞாயிறுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள். லிங்க் அன்று மாலை வரும்.