அடுத்த வருஷம்னு ஒண்ணு எங்களுக்குக் கிடையாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பள்ளிச் சேர்க்கை பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன். மொதல்ல படிச்சு மூடி வெச்சிட்டேன், ராத்திரி தூக்கம் புடிக்கல, எந்திரிச்சு லைட்டப் போட்டு மறுபடி படிச்சேன். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஒரே ஒரு வரிதான் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. ஆர்டிஇ, அதான் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி பிரைவேட் ஸ்கூல்ல நலிஞ்ச குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு ஃபீஸ் இல்லாம ஒதுக்குற 25 சதவீத இடம், அந்தக் குலுக்கல்ல இடம் கிடைக்கலைன்னா பெத்தவங்க மனசு ஒடிஞ்சு போக வேண்டாம், அடுத்த வருஷம் திரும்ப முயற்சி பண்ணலாம்னு போட்டிருந்தீங்க. எழுதுனவங்க ஆறுதலுக்குத்தான் எழுதியிருப்பாங்க, புரியுது. ஆனா அடுத்த வருஷம்னு ஒண்ணு இந்தக் குலுக்கல்ல கிடையாதுங்க. பதினோரு வருஷமா உங்க பத்திரிகைய வாங்கிப் படிக்கிறேன், இது உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு என்னால நம்ப முடியல.

எல்கேஜிக்கு வயசுக் கணக்கு இருக்கு. 2024-25க்கு 2020 ஆகஸ்ட் 1லேருந்து 2021 ஜூலை 31க்குள்ள பொறந்த பிள்ளைங்கதான் போட முடியும். எம் பையன் 2020 அக்டோபர். அடுத்த வருஷம் அந்தத் தேதி ஒரு வருஷம் தள்ளிப் போயிரும், இவன் வெளில நிப்பான். யூகேஜிக்கு ஆர்டிஇ சீட்டு கிடையாது, ஒரு ஸ்கூல்ல எந்த கிளாஸ்லேருந்து ஆரம்பிக்கிறாங்களோ அந்த கிளாஸுக்கு மட்டும்தான். ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஆரம்பிக்கிற பிரைவேட் ஸ்கூல் எங்க பக்கத்துல ஒண்ணுகூட இல்ல. அப்ப எம் பிள்ளைக்கு வாழ்க்கையில ஒரே ஒரு குலுக்கல், அது முடிஞ்சு போச்சு.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். 2024 மே கடைசி, கத்திரி வெயிலு. ஸ்கூல் ஹால்ல ஃபேன் ரெண்டு ஓடுச்சு, ஜனம் வராண்டா வரைக்கும் நின்னுச்சு. பத்து சீட்டு, அதுல ரெண்டு சிறப்புப் பிரிவுல குலுக்கல் இல்லாமலே போயிருச்சு, அப்பா அம்மா இல்லாத பிள்ளைக்கும் தூய்மைப் பணியாளர் பிள்ளைக்கும் போனா அதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, போகத்தான் வேணும். மிச்சம் எட்டு. அதுக்கு எண்பத்தேழு அப்ளிகேஷன். ஒரு எவர்சில்வர் குடத்துல சீட்டையெல்லாம் மடிச்சுப் போட்டு, ரெண்டாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தியக் கூப்ட்டு எடுக்கச் சொன்னாங்க, அந்தப் பிள்ளைக்குக் கை எட்டல, முட்டி வரைக்கும் உள்ள விட்டுத் தொழாவுச்சு. நாப்பத்தி ஒண்ணுன்னு வாசிச்சாங்க, எனக்குப் பக்கத்துல நின்ன அம்மா அப்படியே தரையில உக்காந்து அழுதுச்சு, சந்தோஷத்துல. எங்க நம்பர் நாப்பத்தி மூணு. எம் பையன் அன்னிக்கே ஸ்கூல்னு நெனச்சுக்கிட்டு ஷூ போட்டுட்டு வந்திருந்தான், தண்ணி பாட்டில கழுத்துல மாட்டிக்கிட்டு ஒவ்வொரு சீட்டுக்கும் "அம்மா நானா?"ன்னு கேட்டான். எட்டு தடவை கேட்டான். பதற்றத்தப் பிள்ளைக்குக் கடத்தாதீங்கன்னு அதே கட்டுரையில இன்னொரு எடத்துல இருக்கு. நான் ஒண்ணுமே கடத்தலீங்க, அவன் கண்ணு முன்னாடிதான் எல்லாம் நடந்துச்சு.

காத்திருப்புப் பட்டியல்ல மூணாவது பேரு அவன். அத நம்பி ஜூன் பூரா நடந்தேன், நான் வீட்ல பிளவுஸ் தைக்கிறவ, ஒரு நாள் மெஷின் ஓடலைன்னா அன்னிக்கு வரும்படி இல்ல. இடம் வந்தா கூப்பிடுவோம்னு வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியவே நிறுத்திச் சொல்லிட்டாரு. தேர்வான ஒரு குடும்பம் வீடு மாறி ஆவடிப் பக்கம் போயிட்டாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டேன், அந்த சீட்டு யாருக்குப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. குலுக்கல் அன்னிக்கு எல்லாரையும் நிக்க வெச்சு எடுத்தாங்கல்ல, அப்புறம் பட்டியல் நகர்றத மட்டும் ஏன் கதவ மூடிக்கிட்டு பண்ணணும்?

அஞ்சு ஸ்கூல் போடலாமே, ஒண்ணையே ஏன் நம்புனீங்கன்னு கேப்பீங்க. எங்க வியாசர்பாடி வீட்லேருந்து 1 கிலோமீட்டருக்குள்ள நாலு பிரைவேட் ஸ்கூலு. அதுல ரெண்டு சிறுபான்மையினர் நடத்துறது, 2014ல உச்ச நீதிமன்றம் சொன்னபடி அங்க இந்த 25 சதவீதம் செல்லாது. மிச்சம் இருக்குற ரெண்டுல ஒண்ணுக்கு மேப்ல புள்ளி வெக்கிறப்ப நெட் சென்டர் பையன் தெருவோட அந்தக் கோடியில வெச்சிட்டான், 1 கிலோமீட்டரத் தாண்டிருச்சுன்னு தள்ளிட்டாங்க. சாதிச் சான்றிதழுக்கு 60 ரூவா, அதுக்கு இ-சேவைக்கு மூணு நட. ஆக அஞ்சுன்னு பேரு, எங்களுக்கு இருந்தது ஒண்ணு.

கிடைச்சிட்டா மட்டும் என்ன ஆகுதுன்னும் எனக்குத் தெரியும், அதையும் சொல்லிடறேன். எம் பெரிய பொண்ணு 2015ல இதே ஆர்டிஇல சேந்தவ. அப்பல்லாம் ஆன்லைன் கிடையாது, ஃபார்ம் கேட்டுப் போனா தீந்துருச்சும்பாங்க, மறுநாள் போனா இன்னும் வரலம்பாங்க, நாலு நாள் நின்னு வாங்குனேன். சீட்டு கெடைச்ச அன்னிக்கு தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தேன். ஃபீஸ் அரசாங்கம் கட்டும், ஆனா புக்கு, யூனிஃபார்ம், ஆண்டு விழா, கம்ப்யூட்டர்னு வருஷா வருஷம் எங்கிட்ட வாங்குனாங்க, கட்டலைன்னா எந்திரிச்சு நிக்கச் சொல்லி "ஆர்டிஇ பிள்ளைங்கெல்லாம் யாரு"ன்னு கேப்பாங்க. அவ எந்திரிச்சு நின்ன நாள்லாம் வீட்ல வந்து சாப்பிட மாட்டா. அப்புறம் எட்டாங்கிளாஸோட சட்டம் முடிஞ்சு போச்சு. 2025 ஜூன்ல ஒம்பதாவதுக்கு முழு ஃபீஸ் கட்டுங்க இல்லைன்னா டிசி வாங்கிக்கங்கன்னாங்க. பத்து வருஷம் படிச்ச எடத்துலேருந்து பதினாலு வயசுப் பொண்ணக் கூட்டிக்கிட்டு மாநகராட்சிப் பள்ளியில சேத்தேன். அங்க நல்லாத்தான் படிக்கிறா, டீச்சருங்க பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க, நான் மாநகராட்சிப் பள்ளிய ஒரு வார்த்த கொற சொல்ல மாட்டேன். சின்னவனும் இப்ப அங்கதான் போறான். ஆனா எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான்னு எங்களுக்குச் சொல்றவங்க பிள்ளைங்க எங்க படிக்குதுன்னு நான் கேக்க வேண்டியிருக்கு, கோவிச்சுக்காதீங்க.

எந் தங்கச்சி பிள்ளைக்கு 2025ல வயசு. அந்த வருஷம் குலுக்கல்ல தோக்குற பாக்கியம்கூட அதுக்குக் கெடைக்கல. ஏப்ரல்ல தொறக்க வேண்டிய அப்ளிகேஷன் தொறக்கவே இல்ல. பிஎம் ஸ்ரீங்கிற ஒன்றிய அரசோட பள்ளித் திட்டத்துல கையெழுத்துப் போடலைன்னு ஒன்றிய அரசு 2,152 கோடி கல்விப் பணத்த நிறுத்தி வெச்சிருச்சுன்னு மாநில அரசு சொல்லுது, இதையெல்லாம் நீங்களே பக்கம் பக்கமா எழுதுனீங்க. ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் ஆர்டிஇ பணத்தப் புதிய கல்விக் கொள்கையோட முடிச்சுப் போட வேண்டியதில்லன்னு சொல்லுச்சு. அப்புறமும் அக்டோபர்லதான் சேர்க்கைன்னு அறிவிப்பு வந்துச்சு, அதுவும் அந்த வருஷம் ஏற்கெனவே பிரைவேட் ஸ்கூல்ல சேந்திருந்த பிள்ளைங்களுக்கு, கட்டுன ஃபீஸத் திருப்பிக் குடுப்பாங்களாம். ஜூன்ல ஃபீஸ் கட்டிச் சேக்க வக்கு இருந்தா நாங்க ஏன் குலுக்கலுக்குக் காத்துக் கெடக்கப் போறோம்? எந் தங்கச்சி அந்த நாலு மாசமும் வாசல்ல பிள்ளைய வெச்சுக்கிட்டு இன்னிக்குத் தொறந்துருச்சா நாளைக்குத் தொறக்குமான்னு எனக்கு போன் பண்ணிக்கிட்டே இருந்தா. நான் என்னன்னு சொல்றது.

இத நான் அழுது பொலம்ப எழுதல. எங்கள மாதிரி இருக்குறவங்க மனச எப்புடித் தேத்திக்கிறதுன்னு எழுதுறீங்க, அது தப்புன்னு சொல்லல. ஆனா ஆசப்பட்டது கெடைக்கல, ஏமாந்துட்டோம்னு எங்களப் பத்தி நெனைக்காதீங்க. ஆர்டிஇ சட்டத்தோட பிரிவு 12ல எழுதியிருக்குறத நாங்க கேட்டோம், அவ்வளவுதான். 2009ல சட்டம், 2010 ஏப்ரல்ல நடைமுறை, 2012ல உச்ச நீதிமன்றமும் செல்லும்னு சொல்லியாச்சு. கெடைக்காதவங்களுக்கு அடுத்தது என்னன்னு அதுல ஒருத்தரும் யோசிக்கலையேன்னுதான் ஆத்தாமையா இருக்கு.

உங்ககிட்ட கேக்குறது சின்ன விஷயம்தான். அந்த "அடுத்த வருஷம்"ங்கிற வரிய வர்ற இதழ்ல திருத்திப் போடுங்க, அத நம்பி எவளாவது சும்மா இருந்துருவா. அடுத்து ஒரு கால் பக்கம் குடுங்க. எந்தத் தேதிக்குள்ள பொறந்த பிள்ளைக்குப் போடலாம், வீட்டு எடத்த மேப்ல எப்புடி சரியா வெக்கிறது, என்னென்ன சான்றிதழ் முன்னாடியே வாங்கி வெக்கணும், காத்திருப்புப் பட்டியல் நகந்துச்சான்னு மாவட்டக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல தனியார் பள்ளிகளப் பாக்குறவங்ககிட்ட எப்புடி எழுதிக் கேக்குறது, இவ்வளவுதான். மார்ச் மாசத்துக்குள்ள போட்டீங்கன்னா எங்க தெருவுல மூணு பிள்ளைங்களுக்கு ஆகும், நான் ஜெராக்ஸ் எடுத்து நானே குடுத்துருவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
வியாசர்பாடி, சென்னை