நடைக்கும் அளவு எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவப் பக்கத்தில், “எத்தனை முறை சொன்னாலும் நம் சர்க்கரை நோயாளிகள் நடப்பதில்லை, சோம்பல்தான் காரணம்” என்று எழுதியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் வேலை பார்த்த எவருக்கும் அந்த வரி வலிக்கும்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கு 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று சீட்டில் எழுதுகிறார்கள். நடைக்கோ “நல்லா நடங்கம்மா” என்பதோடு சரி. வாரம் 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் வாரமே அவ்வளவு நடந்தால் முட்டி வலித்து நின்றுவிடுவார்கள். சாப்பிட்ட பின் 10 நிமிடம், வாரம் 5 நாள் என்று தொடங்கி, வாரத்துக்கு வாரம் தினசரி நடையை 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் அந்தக் கணக்கு வந்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். முட்டி வலிக்காரர் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, 5 நொடி நிறுத்தி இறக்கட்டும், காலுக்குப் பத்து முறை. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். கையில் குளுக்கோஸ் வேண்டும். பாதம் மரத்தவருக்கு எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு கட்டாயம். நெஞ்சு இறுகினால் உடனே நின்று, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் எதையும் சொல்லாமல் சோம்பேறி என்பது நியாயமா? நாற்று நட்டுவிட்டு வருபவருக்கும், நாளெல்லாம் உட்கார்ந்து பீடி சுற்றுபவருக்கும் ஒரே அறிவுரைதான். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வந்தபோது பெரிய படம் போட்டீர்கள். நல்ல திட்டம்தான். ஆனால் விளக்கில்லாத, லாரி ஓடும், நாய் துரத்தும் சாலையோரத்தில் கிராமத்துப் பெண்கள் எப்படி நடப்பார்கள் என்று ஒரு செய்திகூட வரவில்லையே.

நியூசிலாந்தில் 1998 முதல் மருத்துவர்கள் உடற்பயிற்சியைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு ஒருவர் போனில் விசாரித்துத் தொடர்கிறார். தாங்கள் அறியாததல்ல. நமக்குப் புது ஆள்கூட வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் இரண்டே கேள்வி கேட்கட்டும்: வாரத்தில் எத்தனை நாள் வேகமாக நடந்தீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்? பெருக்கி வரும் எண்ணை பிரஷர் அளவுக்குப் பக்கத்தில் எழுதட்டும்.

அடுத்த மருத்துவப் பக்கத்தில் இந்த இரண்டு கேள்விகளையாவது கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர்,
தென்காசி மாவட்டம்