நான்கு திரிகளும் ஒரே இரவில்

பதுளை,
15.12.2025

அன்புள்ள நண்பா,

கோத்தகிரியிலிருந்து நீ எழுதிய கடிதம் மிகவும் தாமதித்து நேற்று முன்தினம்தான் கைக்குக் கிடைத்தது. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்து கிடக்கும் இந்நாட்களில் அது வந்து சேர்ந்ததே பெரிய காரியம். நானும் வீட்டாரும் நலம். கோயிலுக்கு மேலேயுள்ள லயத்தில், தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில், ஆறு காம்பராக்கள் புயல் மழையின் மண்சரிவில் மண்ணுக்குள் போய்விட்டன. ஆட்கள் முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டதால் உயிர்கள் தப்பின.

நத்தார் என்னும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளின் திருவருகைக் காலம் கடைவீதி வியாபாரத்துக்குள் கரைந்துவிட்டதே, இன்றைய கிறிஸ்தவர்களுக்கு அதில் என்ன பொருள் மிஞ்சியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். புயலுக்கு முன் உன் கடிதம் வந்திருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

டித்வா புயல் கரையைத் தொட்டது நவம்பர் 28ஆம் திகதி. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு 30ஆம் திகதி. பாதை அடைபட்டிருந்ததால் குருவானவர் வர முடியவில்லை. வகுப்பறையில் ஈரப் பாய்களின் மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நானே அன்றைய நற்செய்தியை வாசித்தேன். மத்தேயு 24ஆம் அதிகாரம்: நோவாவின் நாட்களில் மக்கள் உண்டும் குடித்தும் பெண் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தார்கள், வெள்ளம் வந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போகும்வரை எதையும் உணரவில்லை என்று ஆண்டவர் சொல்லும் இடம். அதை நாங்கள் தேடி எடுக்கவில்லை. ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இம்முறை மத்தேயு நற்செய்தியின் ஆண்டு தொடங்குகிறது, உலகெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் அன்றைக்குரிய வாசகம் அதுவே. 'வெள்ளம்' என்ற சொல்லுக்கு வந்ததும் என் குரல் அடைத்துக்கொண்டது. பின்னால் இருந்த ஒரு மூதாட்டி, "வாசிங்க மாஸ்டர்" என்றார். வாசித்தேன். அதற்குச் சற்றுக் கீழே வருகிறது, 'விழிப்பாயிருங்கள்' என்ற கட்டளை.

முப்பது ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இந்தக் காலத்தைக் 'காத்திருக்கும் காலம்' என்றே கற்பித்து வந்தேன். அந்தச் சொல் இப்போது எனக்கு உறுத்துகிறது. மலையகத்து மக்களுக்குக் காத்திருக்கப் பழக்கியவர்கள் எத்தனை பேர்! 1948இல் பறிபோன குடியுரிமைக்குக் காத்திருந்தோம். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தலைமன்னாரில் கப்பலேறும் நாளுக்காக உன் குடும்பம் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. சொந்தமாய் ஒரு துண்டு நிலத்துக்கு நாங்கள் இன்னமும் காத்திருக்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்த லயங்களும், ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டும், மாற்றிடத்துக்குக் காத்திருந்த லயங்கள்தாம். இந்தக் காத்திருப்பை ஆண்டவர் கேட்கவில்லை. திருடன் எந்த நேரத்தில் வருவான் என்று தெரிந்திருந்தால் வீட்டுக்காரன் விழித்திருப்பான் என்கிறார்; கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்கிறார்.

எங்கள் லயத்தைக் காப்பாற்றியதும் அந்த விழிப்புத்தான். பின்சுவரின் அடியில், அதுவரை ஊற்றே இல்லாத இடத்தில், சேற்றுநீர் கொப்பளிப்பதைக் கண்ட ஒரு பையன் தகரத்தைத் தட்டிக்கொண்டே கதவு கதவாக ஓடியிருக்கிறான். தூக்கத்தைக் கலைத்ததற்காக அவனைத் திட்டியவர்களும் உண்டு. அந்தத் தகரச் சத்தம்தான் எனக்கு இந்த ஆண்டின் திருவருகைக் கால மறையுரை.

கோயிலில் சைப்பிரஸ் கிளைகளால் வளையம் கட்டி, மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறம் என்று ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற நான்கு மெழுகுதிரிகளை ஆயத்தமாக வைத்திருந்தோம். மின்சாரம் அறுந்த இரவில் வகுப்பறைகளுக்கு வேறு வெளிச்சம் இல்லாததால் நான்கையும் ஒரே இரவில் ஏற்றிவிட்டோம். ஒரு குழந்தைக்குப் பால் காய்ச்சியதும் ஒரு முதியவரின் காயத்துக்குக் கட்டுப் போட்டதும் அந்த வெளிச்சத்தில்தான். முறை தவறியதாக நான் வருந்தவில்லை. 1839இல் ஹம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற போதகர், தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் நத்தாருக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத்தான் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை வைத்தார்; அந்த வழக்கமே ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அடுத்த ஞாயிறு ஒரு சிறுமி வீட்டிலிருந்து குப்பி லாம்பு கொண்டுவந்து வெறும் வளையத்தின் நடுவில் வைத்தாள். இன்னும் அதுவே எரிகிறது.

இடைக்காலத் துறவியான கிளேர்வோவின் புனித பெர்நார்து ஆண்டவருக்கு மூன்று வருகைகளைச் சொல்வார்: பெத்லகேமில் ஒன்று, உலக முடிவில் ஒன்று, இரண்டுக்கும் இடையில் மறைவாக ஒன்று. உன் கேள்விக்கு அந்த நடு வருகையைத்தான் என் பதிலாகச் சொல்வேன். நேற்று மூன்றாம் ஞாயிறு. சிறையிலிருந்த திருமுழுக்கு யோவான், இயேசுவிடம் 'வரவிருப்பவர் நீர்தாமா, வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா' என்று ஆளனுப்பிக் கேட்ட பகுதி வாசிக்கப்பட்டது. அவரே அப்படிக் கேட்டிருக்கும்போது, வீடிழந்த ஒரு தாய் அதே கேள்வியை என்னிடம் கேட்டதில் என்ன பிழை? இயேசு விளக்கம் சொல்லவில்லை. கேட்பவற்றையும் காண்பவற்றையும் போய்ச் சொல்லுங்கள் என்றார். நானும் விளக்கம் சொல்லாமல், அவருடைய காம்பராவிலிருந்து தோண்டியெடுத்த தையல் இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தேன்.

உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? குளிரில் கவனமாயிரு. 21ஆம் திகதி, நான்காம் ஞாயிறு, பூசைக்கு வருவதாகக் குருவானவர் சொல்லியனுப்பியிருக்கிறார். பாதையில் கடைசி அரை மைல் இன்னும் வெட்டி முடியவில்லை. நாளை விடியற்காலை ஆறு மணிக்கு எல்லோரும் மண்வெட்டியுடன் இறங்குகிறோம்.

உன் அன்பு நண்பன்