முதலில் அடியைப் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கண்ணாடிப் பூச்சாடிப் படம் கிடைத்தது. "மூன்று பவுணுக்கு வாங்கினேன் அப்பா, இது உங்கட ஆளா?" என்று கேட்டிருந்தாய். வட்ஸப்பில் ஒரு வரியில் பதில் போடலாம்தான். ஆனால் நீயும் சாரிட்டி கடை அலுமாரிகளைக் கிண்டத் தொடங்கிவிட்டாய் என்ற சந்தோஷத்தில் நீட்டி எழுதுகிறேன். கோப்பி போட்டுக்கொண்டு வந்து இருந்து படி.

ஆள் சரிபோலத்தான் தெரிகிறது. செம்மஞ்சள் நிறம், மரப்பட்டை போன்ற சொரசொரப்பு, நேரான உருளை. நான் சேர்க்கும் வைட்ஃபிரையர்ஸ் என்ற லண்டன் கண்ணாடித் தொழிற்சாலையின் 'பார்க்' (மரப்பட்டை) பூச்சாடிக்குப் பத்தில் எட்டுப் பொருத்தம் இருக்கிறது. உயரத்தை அளந்து பார். 6, 7½, 9 அங்குலம் என்று மூன்று அளவில் செய்தார்கள்.

மற்ற இரண்டு பொருத்தத்தையும் படத்தில் பார்க்க முடியாது, சாடியைக் கையில் எடுக்க வேண்டும். கவிழ்த்து அடியைப் பார். ஊதுகுழலில் ஊதிய கண்ணாடியை வேலை முடியும்வரை ஒரு இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்திருப்பார்கள். பிறகு உடைத்து எடுக்கும்போது அடியில் ஒரு வடு விழும். மலிவான சாமானில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். வைட்ஃபிரையர்ஸில் அரைத்து வழுவழுவென்று மெருகேற்றியிருப்பார்கள். அந்த அடி வழியாகவே உள்ளே பார்த்தால் நிறம் உட்சுவரில் மட்டும் இருப்பதும், வெளியே தடிப்பாகத் தெளிந்த கண்ணாடி போர்த்தியிருப்பதும் தெரியும். செம்மஞ்சள் அப்படி ஒளிர்வதற்குக் காரணம் அந்தப் போர்வைதான்.

அடுத்தது கீறல். ஐம்பது வருடம் மேசையிலும் யன்னல் கட்டையிலும் இருந்த சாடிக்கு, தரையைத் தொடும் வளையத்தில் மெல்லிய கீறல்கள் நாலு பக்கமும் தாறுமாறாக ஓடும். எல்லாம் ஒரே பக்கமாக ஓடினால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படு.

பெயரைத் தேடாதே. அநேகமானவற்றில் பெயர் இல்லை. அங்கி அணிந்த வெள்ளைத் துறவி படம் போட்ட சின்னக் காகித லேபல் ஒட்டித்தான் விற்றார்கள். முதல் தடவை கழுவியதோடு அது போய்விட்டிருக்கும். கடைக்காரப் பிள்ளைகள் இன்னது என்று தெரியாமல் மூன்று பவுண் போடுவதும் அதனால்தான். மால்டாவின் ம்டினா கண்ணாடிகளில் அடியில் பெயரைக் கீறியே விடுவார்கள், அது வசதி. முரானோ (வெனிஸ் பக்கத்துக் கண்ணாடித் தீவு) என்று கடையில் எழுதி வைத்திருந்தால் மட்டும் உடனே நம்பாதே. இரண்டு நிறம் சேர்ந்து தடிப்பாக இருந்தால் எல்லாமே முரானோ என்பது கடைகளின் முடிவு.

இந்தச் சாடியைக் கற்பனை செய்தவர் ஜெஃப்ரி பாக்ஸ்டர். 1954இல் வைட்ஃபிரையர்ஸில் சேர்ந்தவர். மரப்பட்டை, ஆணித்தலை, கம்பி, செங்கல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அச்சுக்குள் அடுக்கி, அதற்குள் கண்ணாடியை ஊதிப் பார்த்தார். 1967இல் அந்த வரிசை கடைக்கு வந்தது. உன் செம்மஞ்சள் நிறம் 1969இல்தான் வந்தது, ஆகவே உன் சாடி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. நடுக்கல் விலகி நிற்கும் செங்கல் அடுக்குப்போல ஒன்று செய்தார். அதற்கு 'குடிகாரக் கொத்தனார்' என்று செல்லப்பெயர். அதுவும் பாஞ்சோ வாத்தியம்போல வடிவமுள்ள 'பாஞ்சோ' சாடியும்தான் ஏலத்தில் பெரிய விலை போகிறவை. பாஞ்சோ ஆயிரம் பவுணையும் தாண்டும். அதனால் இரண்டுக்கும் போலிகள் தாராளம். மூன்று பவுணுக்கு அவற்றைக் கண்டால் இன்னும் இரண்டு தரம் கவிழ்த்துப் பார்.

இவையெல்லாம் எங்கே செய்தவை தெரியுமோ? வடமேற்கு லண்டனில், எங்கட வீல்ட்ஸ்டோனில். நடு லண்டனில் ஃபிளீட் தெருப் பக்கம் இருந்த தொழிற்சாலையை 1923இல் இங்கே மாற்றினார்கள். பழைய உலையின் நெருப்பையே கொண்டுவந்து புதிய உலையை மூட்டினார்கள் என்று சொல்வார்கள். கோயில் அணையாவிளக்கு மாதிரிக் காத்த நெருப்பு 1980இல் அணைந்தது. நான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வைட்ஃபிரையர்ஸ் அவென்யூ தாண்டிப் போவேனே, அதெல்லாம் அந்த உலையின் பக்கம்தான். ஹெட்ஸ்டோன் மனர் மியூசியத்தில் இவற்றை வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது போவோம்.

"எல்லாத்தையும் விற்றால் என்ன வரும்?" என்று தம்பி கேட்கிறான். பெரிதாக ஒன்றும் வராது. நான் பாஞ்சோ பிடிக்க அலையவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் மூச்சு விட்டு ஊதியது மறுபடி இந்தத் தெருவிலேயே என் கைக்கு வருகிறது, எனக்கு அது போதும். அம்மாவுக்குத்தான் போதவில்லை. நவராத்திரிக்குக் கொலுப்படி வைக்க இடமில்லை என்று புறுபுறுத்தாள். கடைசியில் நீலச் சாடியில் அவளே செவ்வந்தி வைத்துச் சரஸ்வதிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். நான் வாய் திறக்கவில்லை.

அதோடு, கிளாஸ்கோவில் இருந்துகொண்டு வைட்ஃபிரையர்ஸை மட்டும் தேடாதே. அங்கே பேர்த்தில் (சித்தப்பா இருக்கும் பேர்த் இல்லை, ஸ்கொட்லாந்துப் பேர்த்) 1924 தொடக்கம் மோனார்ட் என்ற பெயரில் கண்ணாடிச் சாமான் செய்தார்கள். செய்தவர் சல்வடோர் இசார்ட், பார்சலோனாவில் இருந்து பிரான்ஸ் வழியாகப் பிள்ளைகளோடு வந்தவர். கண்ணாடிக்குள் நிறப்பொடி மேகம்போலச் சுழன்று, இடையிடையே பொன் துகள் மின்னும். கண்டால் வாங்காமல் வராதே.

புகை மூட்டம்போல மங்கிய சாடியை வாங்குமுன் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தடவிப் பார். ஈரத்தில் தெளிந்து, காய்ந்ததும் மங்கினால் அது இரண்டில் ஒன்று. வெறும் சுண்ணாம்புப் படிவு என்றால் வினாகிரியில் ஊறப்போட்டால் போய்விடும். தண்ணீர் நெடுநாள் நின்று கண்ணாடியையே அரித்திருந்தால் எதைப் போட்டாலும் போகாது. பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் எதையும் போடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

சரி, பகல் வெளிச்சத்தில் அடியைப் படம் எடுத்து அனுப்பு. விளிம்பை நகத்தால் மெல்லத் தடவி, எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்றும் எழுது. கறித்தூள் பார்சல் வியாழக்கிழமை போட்டாயிற்று.

அன்புடன்,
அப்பா