பூசணிக்காய்ப் படம் வந்தது

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. மருமகளைக் கேட்டால் "வேலை அதிகம் அத்தை" என்கிறாள். சரி. போனில் பிடித்தாலும் "ம், சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கோயில் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த காய்கனியை ஏலம் விடும்போது நீ பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்திருக்கிற படத்தை ஓமலூர் சித்தி அனுப்பியிருந்தாள். 18,000 ரூபாயாமே. அப்பா அந்தப் படத்தை டீக்கடை வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் மருமகள் நிற்கிறாள். கையில் பச்சைக் கண்ணாடி வளையல். அழகாகத்தான் இருக்கிறது.

காப்பி பறிப்பு தொடங்கியாச்சு. தொட்டித் தண்ணீரில் கொட்டினால் இந்த வருஷம் மிதக்கிற பழம்தான் அதிகம். பழம் பார்க்க நல்ல சிவப்பு. தொப்புள் பக்கம் ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. பிதுக்கினால் உள்ளே கொட்டை பொடியாக உதிர்கிறது. போன வருஷம் செடியில் நின்றதையும் கீழே உதிர்ந்ததையும் சுத்தமாகப் பொறுக்காததால் வந்த வினை. அப்பா பூச்சி விழுந்ததைத் தனியே எடுத்துக் கொதிநீரில் முக்குகிறார். அதை விடு. ஏலத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஏலம் தப்பில்லை கண்ணு. சந்தையில் 200 ரூபாய்க்குப் போகாத பூசணி கோயிலில் ஆயிரத்துக்குப் போனால், மேலே ஏறினதெல்லாம் காணிக்கை. அது எங்கே கெடுகிறது என்றால், ஏலம் கூறுகிறவர் மைக்கில் "எங்க தம்பி விட்டுடுவாரா?" என்று கேட்கிற இடத்தில். கை தானாக மேலே போகும். அதற்கு முன்னால் கேட்ட தொகை கர்த்தருக்கு. பின்னால் ஏறினது மைக்குக்கு.

அதனால் முந்தின ராத்திரியே இரண்டு பேரும் உட்காருங்கள். வாடகை, பிள்ளை பீஸ், மளிகை, வண்டித் தவணை எல்லாம் எடுத்து வைத்தபின் நிற்பது எவ்வளவு, அதில் கொடுப்பது எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுது. அந்தத் தொகையை ரொக்கமாகச் சட்டைப்பையில் வை. கார்டு வீட்டில் கிடக்கட்டும், போன் மருமகள் பையில் இருக்கட்டும். சீட்டுத் தொகை தாண்டியதும் கையைக் கட்டிக்கொள். யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2 கொரிந்தியர் 8:12 எடுத்துப் பார்: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். கடன் வாங்கிக் கொடுத்தது எந்தக் கணக்கில் வரும்? நீ வாங்கினாய் என்று சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. சபைச் சந்தாக் கவரில் பெயர் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சபை ஓட்டர் பட்டியலில் பெயர் நிற்காது. அதற்கு மேல் கொடுப்பதைப் பெயர் போடாத கவரில் போடு. இத்தனை வருஷம் காணிக்கை எண்ணின கை இது. ஆராதனை முடிந்ததும் கோயில் பக்கத்து வெஸ்ட்ரி அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து, நோட்டுவாரியாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுவோம். பெயரில்லாக் கவர் "ஒரு அன்பர்" என்று ஏறும், ஒரு ரூபாய் குறையாது. ஆனால் கவர்மேல் ஜெபக்குறிப்பு எழுதாதே. எண்ணுகிறவர்களுக்கு ஊரில் எல்லார் கையெழுத்தும் தெரியும்!

மத்தேயு 6-இல் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றுக்கும் "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்று வருகிறதே, அந்தக் கிரேக்கச் சொல்லை அந்தக் காலத்து ரசீதுகளில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்பதற்கு எழுதுவார்களாம், ஆயர் வேதபாடத்தில் சொன்னார். உனக்குக் கை தட்டினார்கள் இல்லையா, ரசீது கிழித்தாயிற்று. மேலேயிருந்து வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.

அனனியா நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காகச் சாகவில்லை. விற்கிறதற்கு முன்னே அது உன்னுடையதுதானே என்று பேதுருவே கேட்கிறார். மீதியை முழுசு என்று காட்டினதுதான் பாவம். சவுல் ராஜாவைப் பார். கர்த்தர் சொன்னதை மீறிவிட்டு, "ஜனங்களுக்குப் பயந்து" செய்தேன் என்று 1 சாமுவேல் 15:24-இல் ஒத்துக்கொள்கிறான். ஆறு வசனம் தள்ளி, மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கெஞ்சுகிறான். ராஜ்யமே போகிறது, அவனுக்கு மூப்பர்கள் முகம்தான் கவலை.

ஏலத் தொகையில் பாக்கி இருந்தால் பொருளாளரை நேரில் பார்த்து, இப்போது இவ்வளவு, மீதி இத்தனை மாதத்தில் என்று சொல்லிவிடு. அதற்கு வெட்கப்பட்டுக் கோயிலுக்குப் போகாமல் இருக்காதே. கட்டி முடித்திருந்தால் சந்தோஷம். பொதுவாகத்தான் சொல்கிறேன், நகை வைக்கிறவர்கள் மாதாமாதம் வட்டியைக் கட்டி, அசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கெடு தாண்டினால் அதையும் ஏலம்தான் போடுவார்கள்.

வாரத்துக்கு ஒரு நல்ல காரியம், மருமகளுக்குக்கூடச் சொல்லாமல் செய்துபார். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள்தான் யாரிடமாவது சொல்ல நாக்கு துடிக்கும்.

உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. ஆயர் வீட்டுக்கு வந்தால் அரைமணி நேரம் குடும்ப ஜெபம், வராத நாளில் ஐந்து நிமிஷம், அதையும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே. சங்கீதம் ஒப்பிக்கும்போது நீ தடுமாறினால் முந்தானைக்கு அடியில் கையை விட்டு உன் தொடையைக் கிள்ளினேன். எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே கிள்ளினேன். கர்த்தர் என்ன நினைப்பார் என்று உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்றுதான் கேட்டேன். அந்தப் பாடத்தைத்தான் நீ இப்போது தடுமாறாமல் ஒப்பிக்கிறாய்.

வேறென்ன எழுத. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. சீட்டு எழுதுகிறதை மறக்காதே, ரொக்கமாகத்தான்.

கிறிஸ்துமஸுக்கு 24ஆம் தேதி வெளிச்சத்திலேயே மலை ஏறிவிடுங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கினால் பிள்ளைக்கு வாந்தி வரும். மருமகளை அந்தக் கண்ணாடி வளையலோடேயே கூட்டிக்கொண்டு வா. அத்தை போட்ட ஜோடி எங்கே என்று சித்தி கேட்பாள். கேட்கட்டும்.

அம்மா