குடும்ப மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி: ஒருமுறை நடத்தினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை போதவில்லை என்ற கவலை நாளிதழ்களில் அடிக்கடி வெளிப்படுகிறது. அது நியாயமான கவலைதான். ஆயினும் மனச்சோர்வாலோ மனப்பதற்றத்தாலோ துன்பப்படுபவர்களில் பெரும்பாலோர் முதலில் மனநல மருத்துவரைத் தேடிச் செல்வதில்லை; தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்று எரிச்சல், தூக்கமின்மை, தீராத அசதி என்று சொல்லிக்கொண்டு குடும்ப மருத்துவரிடம்தான் வருகிறார்கள். அந்த மருத்துவருக்கு மனநல மருத்துவத்தில் தொடர்ந்து பயிற்சி கிடைக்கிறதா என்ற கேள்வியை யாரும் எழுப்பாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானும் ஒரு குடும்ப மருத்துவன். உடல்வலி என்று பல மாதங்கள் என்னிடம் வந்துபோன ஒரு பெண்மணிக்கு ரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லி, எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒரு நோயும் இல்லை” என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். பின்னர் ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்ட இரண்டு கேள்விகளை அவரிடம் கேட்டேன்: கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்தோ நம்பிக்கை இழந்தோ இருந்தீர்களா? எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றார். அந்தக் கேள்விகளைக் கேட்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

நோயைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். குமட்டல் போன்ற தொல்லைகளோ முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லாவிட்டால் நோயாளி ஒரே வாரத்தில் மருந்தை நிறுத்திவிடுவார். குணமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பதையும், முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாட்களும் இருந்தனவா என்று விசாரிக்காமல் இம்மருந்துகளைத் தொடங்கினால் இருமுனைக் கோளாறு (மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவருக்கு அந்த மிகை உற்சாகமான பித்துநிலை தூண்டப்படலாம் என்பதையும், தைராய்டு சுரப்புக் குறைவே மனச்சோர்வாகத் தோன்றக்கூடும் என்பதையும் மருத்துவர் மறவாதிருக்க வேண்டும். சில வாரங்களுக்கு மட்டுமே தர வேண்டிய தூக்க மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எழுதிக் கொடுத்து, அதற்கு அடிமையாகும் நிலைக்கு நோயாளியை நாமே கொண்டுசெல்வதும் உண்டு. எல்லாவற்றையும்விட, தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தவர்களாகிவிடுவோமோ என்ற தயக்கம் எங்களில் பலரிடம் இருக்கிறது. அது தவறான அச்சம். பரிவோடு நேரடியாகக் கேட்கும்போது பெரும்பாலும் நோயாளிக்கு ஆறுதல்தான் கிடைக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு நாள் கருத்தரங்கில் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் சுவீடனின் காட்லண்ட் தீவில் நடந்ததை அறிய வேண்டும். 1983, 1984 ஆம் ஆண்டுகளில் அத்தீவின் பொது மருத்துவர்களுக்கு மனச்சோர்வைக் கண்டறிந்து சிகிச்சையளிக்கும் பயிற்சி வழங்கப்பட்டது. அதன்பின் அங்கே தற்கொலைகள் குறைந்தன. மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்பவர்களும் குறைந்தனர். பயிற்சி நின்று மூன்று ஆண்டுகள் கழிவதற்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பியது. பயிற்சி பெற்ற மருத்துவர்களில் பலர் அதற்குள் தீவை விட்டுச் சென்றுவிட்டிருந்தனர். சிறிய தீவு என்பதால் அந்த எண்ணிக்கைகளை எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் பயிற்சியைப் புதுப்பிக்காவிட்டால் பலன் கரைந்துபோகும் என்பதை என் சொந்த அனுபவத்திலும் கண்டிருக்கிறேன்.

பயிற்சியின் வடிவமும் முக்கியம். மனநல வல்லுநர் அல்லாத மருத்துவப் பணியாளர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஒரு சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டது. 2016-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. வழிகாட்டி மேசையில் இருப்பதனால் மட்டும் மருத்துவரின் பழக்கம் மாறிவிடாது. 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக அமரவைத்து, அவர்களைத் தடுமாற வைத்த நோயாளிகளைப் பற்றியே தொடர்ந்து பேசச் செய்தார். எங்களுக்கு இன்று வேண்டியதும் அத்தகைய ஏற்பாடுதான்: மாதம் ஒருமுறை, பத்துப் பன்னிரண்டு மருத்துவர்கள், உடன் ஒரு மனநல மருத்துவர், பேசுவதற்கு எங்கள் சொந்த நோயாளிகளின் பிரச்சினைகள். இடையில் ஐயம் எழுந்தால் அவரையே தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் வசதியும் இருக்க வேண்டும்.

தொடர் மருத்துவக் கல்விக்கான பாடங்களை வகுப்பவர்கள், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒதுக்குவதுபோல மனநலத்துக்கும் ஆண்டுதோறும் கட்டாய நேரத்தை ஒதுக்க வேண்டும் என்றும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதற்காக மட்டும் மதிப்பெண் வழங்கும் முறையைக் கைவிட வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப மருத்துவர்